வாணலி வைத்த நீல வண்டி

பானெட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற ரேடியோவுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. பானெட்டைத் தாங்கும் கம்பி எங்கோ விழுந்து தொலைந்துவிட்டதாம். துப்பறியும் வேலைக்கு வந்தால் துப்பாக்கி தூக்கலாம் என்று கனவு கண்டவன் அவன். வந்த நாளிலிருந்து இந்த மாதிரிச் சாமான்களைத்தான் தூக்கிக்கொண்டிருக்கிறான்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாய் மூடத் தெரியாத மச்சானுக்கு அக்காவின் கணவர் வைத்த பெயர். அந்த அத்தான் ஒரு காலத்தில் காப்பீட்டுக் கம்பெனியில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து நஷ்டக் கணக்கு எழுதியவர். பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிப்பதில் ருசி கண்டு, வேலையை உதறிவிட்டுத் துப்பறிய இறங்கினார். ஆனாலும் ஊருக்கு அவர் இன்னும் சர்வேயர்தான்.

"உள்ளே என்ன தெரியுது மாப்ளே?" என்றார் சர்வேயர்.

"எஞ்சின் தெரியுது அத்தான். சுத்தி ஏகப்பட்ட காலி இடமும் தெரியுது. ஒரு சின்னக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடலாம்."

அவன் சொன்னது மிகையில்லை. அகலமான, ஆஜானுபாகுவான கார். அதன் வயிற்றுக்குள்ளே அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி ஒரு சின்ன எஞ்சின் தொளதொளவென்று உட்கார்ந்திருந்தது.

காரின் சொந்தக்காரர் எலும்பு டாக்டர். ஊரில் உடைகிற எலும்பையெல்லாம் ஒட்ட வைக்கிறவர். சனிக்கிழமைகளில் மலைமேல் இருக்கும் கிளினிக்குக்கு அவர் வண்டி ஓட்டிக்கொண்டு போகிற லட்சணத்தைப் பார்த்தவர்கள், மனுஷன் தொழிலுக்கு ஆள் பிடிக்கப் போகிறார் என்று பேசிக்கொள்வார்கள். இப்போது அவர் போர்ட்டிகோவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"மலை ஏறவே மாட்டேங்குது, வயசாயிடுச்சுன்னு நினைச்சு விக்கப் பார்த்தேன் சார். வாங்க வந்தவன் கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தான். அவன் பானெட்டைத் திறந்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். என் பெரிய எஞ்சினை எடுத்துட்டு எவனோ ஒரு சுண்டைக்காயை மாட்டியிருக்கான். எவனோ என்ன எவனோ, இவன்தான்!"

அவர் விரல் நீட்டிய இடத்தில், கேட்டை ஒட்டி, டிரைவர் நின்றிருந்தார். நரைத்த மீசை, துவைத்து மடிப்புக் கலையாத சட்டை, தரையைப் பார்த்த கண்கள்.

"சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு இவன்கிட்ட. வண்டி என் கையை விட்டு இருந்ததே நான் மாநாட்டுக்குப் போயிருந்த அந்த ஒரு வாரம்தான், அப்போ இவன் லீவு வேற. வேற யார் எடுத்திருக்க முடியும்?"

"உங்க சாவி அந்த வாரம் எங்கே இருந்தது?"

"மேஜை டிராயர்ல. வீட்டுல யார் தொடப் போறாங்க? என் மனைவியா?" டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவை ஓட்டினா சார். பின்னால வந்த சைக்கிள்காரன் வழி விடச் சொல்லி மணி அடிச்சான். அதோட வாங்கி வெச்சுட்டேன் சாவியை. அவ டீச்சர். காலையிலயே பரீட்சை மேற்பார்வைக்குப் பக்கத்து ஊருக்குப் போயிட்டா. இங்க நடக்கிற கூத்து எதுவும் அவளுக்குத் தெரியாது."

சர்வேயர் டிரைவர் பக்கம் திரும்பினார். "தினமும் தண்ணி பார்க்கப் பானெட்டைத் திறப்பீங்களே. எஞ்சின் மாறினது கண்ணுல படலையா?"

"பட்டுச்சு சார்."

"சொல்லலையா?"

"சொல்லலை."

"ஏன்?"

டிரைவர் வாயைத் திறந்தார். டாக்டரைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" என்று டாக்டர் குதித்தார். "காலையிலயே இவன் தெருவுக்குப் போய், அத்தனை வீட்டுக்கும் கேக்கிற மாதிரி, திருட்டுப் பயலேன்னு கத்திட்டுதான் வந்தேன். சாயங்காலத்துக்குள்ள என் எஞ்சின் வரலைன்னா போலீஸ்தான். உங்களைக் கூப்பிட்டது எஞ்சினைத் தேட மட்டும்தான். திருடனைத் தேட வேண்டியதில்லை."

ரேடியோவுக்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திருட்டுப் பட்டம் வாங்கிய டிரைவர் கையில் இந்த ஊரில் யார் சாவி கொடுப்பார்கள்? சாயங்காலத்தோடு அவர் பிழைப்பு முடிந்தது. ஆளோ தன் பக்கம் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறார்.

சர்வேயர் குனிந்து சின்ன எஞ்சினின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர், உங்க வீட்டுல ஒருத்தன் செருப்பைத் திருடினான்னு வெச்சுக்குங்க. போறப்போ உங்களுக்கு வேற செருப்பு வெச்சுட்டா போவான்?"

"என்ன சொல்றீங்க?"

"திருடன் எடுத்துட்டுப் போவான். மாட்டிட்டுப் போக மாட்டான். இவன் மாட்டியிருக்கான். அதுவும் ஒரு வாஷர் விடாம, குழாய்களை நீட்டி, ஒழுகாம, பெத்த பிள்ளைக்குச் செய்யற மாதிரி செஞ்சிருக்கான். உங்க வண்டி ஓடணும்னு அவனுக்கு அக்கறை இருக்கு. வேகமா ஓடக் கூடாதுன்னும் அக்கறை இருக்கு. சரி, இந்தச் சின்ன எஞ்சின் உங்க வண்டிக் கம்பெனியோடதுதான். அவங்களோட பழைய சின்னக் கார்ல வந்தது. அப்படின்னா எங்கேயோ ஒரு பழைய சின்னக் கார், உங்க எஞ்சினை மாட்டிக்கிட்டு, வயசுக்கு மீறின வேகத்துல சுத்திக்கிட்டிருக்கு. அப்படி ஏதாவது உங்க கண்ணுல பட்டுச்சா?"

டாக்டரின் முகம் கறுத்தது. யாரோ பழைய காயத்தில் விரலை வைத்த மாதிரி.

"நீல வண்டி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "சனிக்கிழமை தவறாம மலைச் சாலையில என்னை முந்திட்டுப் போறான் ஒருத்தன். எங்கப்பா காலத்து டப்பா வண்டி. பானெட் மேல ஏதோ பாத்திரம் மாதிரி கவுத்து வெச்சிருக்கான். முகத்தைப் பார்க்கறதுக்குள்ள புகையைத்தான் பார்க்கிறேன். என்னை! முந்தறான் சார்!"

எஞ்சின் போனதைவிட இதுதான் அவருக்கு உறுத்துகிறது என்று ரேடியோவுக்குப் பட்டது. "பாத்திரம் காலியா, உள்ளே ஏதாவது வெந்துக்கிட்டிருந்ததா டாக்டர்?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. பானெட்டைக் கீழே விட்டான்.

மலையடிவாரத்தில் சாலையோரமாக ஒரு தகரக் கொட்டகை. எஞ்சின் மாற்றுகிற வேலையைத் துணிந்து செய்கிற மெக்கானிக் அந்த வட்டாரத்தில் ஒருத்தர்தான். அவர் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டுமே.

"வாடிக்கையாளர் விஷயம் எதுவும் நான் பேசறதில்லைங்க," என்றன பாதங்கள்.

"நல்ல பழக்கம்," என்றார் சர்வேயர். "நாங்க விசாரிக்க வரலை. என் வண்டிக்கும் பெரிய எஞ்சின் வைக்கணும். அந்த நீல வண்டியைப் பார்த்தேன். வேலை சுமார்தான். வேற யாராவது நல்ல ஆள் இருந்தாச் சொல்லுங்க."

பாதங்கள் விறைத்தன. அடுத்த நொடி முழு மனுஷனும் வெளியே வந்துவிட்டார், நெற்றியில் கிரீஸோடு.

"சுமாரா? எது சுமார்? எஞ்சினோட கால் அந்த வண்டிப் போல்ட்ல கன கச்சிதமா உக்காந்திருக்கு. முன்பக்கம் அமுங்கக் கூடாதுன்னு ஸ்பிரிங்கை மாத்தினேன். சூடாகக் கூடாதுன்னு பெரிய ரேடியேட்டரை நுழைச்சேன். எது சுமார்ங்கறீங்க?"

"பானெட் மேல பாத்திரம்."

"அது பாத்திரம் இல்லைங்க, வாணலி! பெரிய எஞ்சினோட கார்புரேட்டர் உசரம். அதுக்கு மேல காத்து வடிகட்டி. பானெட் மூடினா இடிக்குது. வெட்டி ஓட்டை போட்டா மழைத்தண்ணி கார்புரேட்டருக்குள்ள போகும். அப்பத்தான் அவங்க கொண்டு வந்த வாணலியைக் கவுத்துப் பத்த வெச்சேன். அளவு எடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

"அதான் பார்த்தேன். மத்தபடி குறை ஒண்ணும் இல்லைங்கறீங்க."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். உண்மையான வேலைக்காரருக்கு உரிய வியாதி அவருக்கும் இருந்தது. தன் வேலையில் இருக்கும் ஒரே ஓட்டையைத் தானே சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

"ஒரே ஒரு குறைங்க. பழைய எஞ்சினுக்குக் கார்புரேட்டர் இந்தப் பக்கம். இதுக்கு அந்தப் பக்கம். டேஷ்போர்டுல இருக்கிற சோக் குமிழோட வயர் எட்டலை. அதனால புதுசா ஒரு வயர் விட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் கிட்ட ஒரு வளையம் வெச்சேன். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பணும்னா அந்த வளையத்தைத்தான் இழுக்கணும். பழைய குமிழை எடுத்தா ஓட்டை தெரியும்னு அப்படியே விட்டுட்டேன். அது சும்மா அழகுக்கு."

"பரவாயில்லையே," என்றார் சர்வேயர் மனசார. "யாரோட வண்டி?"

மெக்கானிக் சட்டென்று உஷாரானார். "வண்டி பேங்க்காரர் பேர்ல இருக்கு. டாக்டரோட மச்சினன். அதுக்கு மேல என்கிட்ட ஒரு வார்த்தை வராதுங்க." பாதங்கள் மட்டும் மிஞ்சும்படி மறுபடி வேனுக்கு அடியில் போனார்.

ரேடியோவுக்குத் தாங்கவில்லை. "பார்த்தீங்களா அத்தான், மச்சான் வர்க்கமே ஆபத்து."

"எனக்குத் தெரியாதா?" என்றார் சர்வேயர்.

டாக்டரின் மச்சினன் ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். பேச்சு அதற்கு நேர்மாறாக, காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும். வங்கியில் யாராவது அதட்டினால் அவர்களுக்கே இன்னொரு தடவை டோக்கன் கொடுத்துவிடுவார் என்று பெயர். அப்படிப்பட்டவரைத் தெருப் பிள்ளைகள் 'ரேஸ் அண்ணா' என்று கூப்பிட்டதை ரேடியோ தன் காதால் கேட்டான். அவர் அதை மறுக்கவும் இல்லை. முகத்தில் ஒரு வெட்கம் கலந்த பெருமைகூடத் தெரிந்தது.

அவர் வீட்டு வாசலில் நின்றது நீல வண்டி. அப்பா விட்டுப்போன வெள்ளைக் கார், ரொம்ப நாள் தார்ப்பாய்க்குள் தூங்கிவிட்டு நீலம் பூசிக்கொண்டு எழுந்திருக்கிறது. பானெட்டின் நடுவில் அதே நீலத்தில் குப்புறக் கிடந்தது வாணலி. ஒரு காது வெட்டப்பட்டிருந்தது, இன்னொரு காது அப்படியே இருந்தது.

சர்வேயர் சுற்றி வளைக்கவில்லை. டிரைவர் மேல் பழி விழுந்திருப்பதையும், சாயங்காலம் போலீஸ் வரப்போவதையும் சொன்னார். மச்சினனின் முகம் வெளிறியது. உள்ளே போய் யாருக்கோ போன் பேசிவிட்டுத் திரும்பி வந்தார்.

"டிரைவரை விட்டுடச் சொல்லுங்க சார். எஞ்சினை எடுத்தது நான். நான் மட்டும்தான். மலையில ஓட்டறதும் நான்தான்."

ரேடியோவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு சுலபமாகவா? கதை பாதியில் முடிந்தால் துப்பறிகிறவனுக்கு என்ன மரியாதை?

"சந்தோஷம்," என்றார் சர்வேயர். "வாங்க, இதே வண்டியில போய் டாக்டர்கிட்ட சொல்லிடலாம். நீங்களே ஓட்டுங்க."

மச்சினன் ஓட்டுநர் சீட்டில் நுழைந்தார். நுழைந்தார் என்று சொல்வது மரியாதைக்கு. மடிந்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் நட்டுக்கொண்டு நின்றன. முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தென்ற திண்டு. சாவியைப் போட்டார். டேஷ்போர்டில் இருந்த குமிழைப் பிடித்து, ரொம்ப அனுபவஸ்தர் போல, இழுத்தார்.

நாள் முழுக்க நின்று குளிர்ந்துபோயிருந்த எஞ்சின் உறுமியது, இருமியது, அடங்கியது. மறுபடி குமிழை இழுத்தார். மறுபடி இருமல்.

"சளி பிடிச்சிருக்கு," என்றான் பின் சீட்டிலிருந்து ரேடியோ.

மூன்றாவது தடவை இழுத்தபோது குமிழ் கையோடு வந்துவிட்டது. பின்னாலேயே எதிலும் சேராத ஒரு முழ வயரும் வந்தது. மச்சினன் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சர்வேயர் பக்கத்து சீட்டிலிருந்து கையை நீட்டி, அவர் முழங்காலுக்குக் கீழே இருந்த வளையத்தை இழுத்தார். "இப்பப் போடுங்க."

வண்டி ஒரே கர்ஜனையில் உயிர் பெற்றது. வாணலி கிடுகிடுவென்று அதிர்ந்தது.

"இந்த வண்டியை நீங்க எஞ்சின் குளிர்ந்திருக்கிறப்போ ஒரு தடவைகூடக் கிளப்பினதில்லை," என்றார் சர்வேயர் மெதுவாக. "சீட்டை இவ்வளவு முன்னால இழுத்து, முதுகுக்குத் திண்டு வெச்சு ஓட்டறவங்க உங்களைவிட ரொம்பக் குள்ளம். இப்ப போன் பண்ணது அவங்களுக்குத்தானே?"

மச்சினனின் கண் கலங்கியது. "அக்கா பாவம் சார்," என்றார். "பரீட்சை ஹால்ல போனை அணைச்சு வெச்சிருந்தா. இப்பத்தான் கிடைச்சா. கிளம்பிட்டேன்னு சொன்னா. நான் சொன்னதையே சொல்லிடுங்களேன். எனக்கு ஒண்ணும் ஆகாது."

ரேடியோ திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான். அக்காவுக்காகப் பொய் சொல்கிற தம்பியைக் கிண்டல் பண்ண அவனுக்கு வாய் வரவில்லை.

நீல வண்டி போர்ட்டிகோவில் நுழைந்ததும் டாக்டர் படியிறங்கி ஓடிவந்தார். மச்சினனைப் பார்த்தார். வாணலியைப் பார்த்தார். "நீயாடா?" என்று கையை ஓங்கினார்.

"அவன் இல்லை. நான்."

கேட்டில் நின்றாள் டாக்டரின் மனைவி. பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. கைப்பையில் சிவப்பு மசிப் பேனா இன்னும் செருகியிருந்தது. நேராக டிரைவரிடம் போனாள். "எனக்கு இப்பத்தான் தெரியும். காலையிலயே தெரிஞ்சிருந்தா இப்படி விட்டிருக்க மாட்டேன்," என்றாள். பிறகுதான் கணவர் பக்கம் திரும்பினாள்.

"டிராயர்லேர்ந்து சாவியை எடுத்தது நான். எஞ்சினை மாத்தச் சொன்னதும் நான். ஒரு தடவை சுவர்ல இடிச்சீங்க. ஒரு தடவை பால் வண்டியைப் பள்ளத்துல தள்ளினீங்க. மெதுவாப் போங்கன்னு நான் கெஞ்சாத நாள் இல்லை. நீங்கதான் மாறலை. சரி, எஞ்சினையாவது மாத்தலாம்னு பார்த்தேன்."

சர்வேயர் கேட்டார்: "பெரிய எஞ்சினை இந்த வண்டியில எதுக்கும்மா வெச்சீங்க?"

"வேற எங்கே சார் வைக்கிறது? ஷெட்ல வெச்சா இவர் கண்ணுல படும். வித்தா மனசு கேக்காது. எஞ்சினை ஒளிச்சு வைக்க இன்னொரு வண்டியைவிட நல்ல இடம் உண்டா?" அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "ஒரு சனிக்கிழமை, இவர் பத்திரமாப் போய்ச் சேர்றாரான்னு பார்க்கப் பின்னாலயே போனேன். இவர் ஊர்ந்துக்கிட்டிருந்தார். எனக்குக் கால் சும்மா இருக்கலை. அப்புறம் ஒரு சனிக்கிழமையும் விடலை."

"கொண்டை ஊசி வளைவுல என்னை முந்தினது..."

"நான்தான். ஹாரன் அடிச்சேன். நீங்க வழி விடலை."

"வளைவுலயா முந்துவே? எதிர்ல லாரி வந்திருந்தா?" டாக்டரின் குரல் உடைந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு பயம் வரும் என்று ரேடியோ எதிர்பார்க்கவில்லை. "உனக்கு ஒண்ணு ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்? யோசிச்சியா?"

"இது நான் உங்ககிட்ட தினமும் கேக்கிற கேள்வி," என்றாள் அவள். "இன்னிக்குத்தான் உங்க வாயில வருது."

டாக்டர் போர்ட்டிகோப் படியில் தொப்பென்று உட்கார்ந்தார். தலையைத் தூக்கி, "அது நம்ம வீட்டு வாணலியா?" என்றார்.

"ஆமா. அதில வறுத்துத் தந்ததையெல்லாம் சாப்பிட்டீங்க. வாணலியைத்தான் பார்க்கலை."

ரேடியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அது மச்சினனுக்குத் தொற்றியது. சர்வேயர் டிரைவரிடம், "இப்பவாவது சொல்லுங்க, பார்த்தும் ஏன் சொல்லலை?" என்றார்.

டிரைவர் தயங்கினார். "எஞ்சின் மாறின நாள்லேர்ந்து நாங்க ஒரு சுவரைக்கூட இடிக்கலை சார். ஐயா என்னை ஓட்டவிட மாட்டார், பக்கத்துல உக்காந்துதான் போவேன். யார் செஞ்சாங்களோ, நல்லா இருக்கட்டும்னு நினைச்சுக்கிட்டேன். எனக்கும் உசுரு இருக்கு இல்லையா? இதை எப்படி ஐயா முகத்துக்கு நேரா சொல்றது?"

இப்போது டாக்டரே சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு வண்டிச் சாவியையும் எடுத்து டிரைவர் பக்கம் நீட்டினார். தோளில் தட்டப் போனார். "சரி விடுப்பா. எல்லாம் தமாஷாப் போச்சு. இனிமே ரெண்டு வண்டியும் நீதான் ஓட்டறே, போதுமா?"

டிரைவர் சாவியை வாங்கவில்லை.

"உங்க வீட்டுல சிரிச்சுட்டீங்க சார்," என்றார். "என் வீட்டுல இன்னும் அழுதுக்கிட்டிருக்காங்க. காலையிலேர்ந்து என் பொண்ணு தண்ணி பிடிக்கக்கூட வெளியில வரலை."

சிரிப்பு எல்லார் முகத்திலும் அப்படியே நின்றது. டாக்டரின் நீட்டிய கை எங்கே போவது என்று தெரியாமல் தொங்கியது. அவர் மனைவி கைப்பையைப் படியில் வைத்துவிட்டுக் கேட்டைத் திறந்தாள். "நடங்க," என்றாள் கணவரிடம். "நானும் வர்றேன். சொல்ல வேண்டியது எனக்கும் இருக்கு."

இரண்டு கார் இருந்த வீட்டிலிருந்து எல்லாரும் நடந்தே போனார்கள். டிரைவரின் தெரு குறுகலானது. இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வீடுகள், பாதி சாத்திய ஜன்னல்கள், கொடியில் காய்கிற துணிகள். நடுத்தெருவில் நின்று டாக்டர் தொண்டையைச் செருமினார். கழுத்து வரைக்கும் வேர்த்திருந்தது.

"இவர் திருடன் இல்லை," என்றார். "தப்பு என்னோடது."

ஒரு கதவும் திறக்கவில்லை.

டிரைவர் அவர் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னும் கொஞ்சம் சத்தமா சார்," என்றார் மரியாதையாக. "காலையில நல்லாக் கேட்டுச்சு."